காண்டோவில் ஊர் கூடி எழுப்பிய பள்ளிக்கூடம்

விழாத் தலைவர் அவர்களே, கேட்ட மாத்திரத்தில் அரங்கைத் திறந்துவிட்ட கல்லூரி முதல்வர் அவர்களே, கட்டடவியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, மூத்த கொத்தனார் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். கொத்தனார்களை முதல் வரிசையில் உட்காரவைத்த முதல்வருக்குத் தனியாக ஒரு நன்றி. பல மேடைகளில் நான் கேட்டுக் கிடைக்காத மரியாதை அது.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: பணம் எப்படி வந்தது, கைகள் எப்படிச் சேர்ந்தன, கட்டியதை யார் பராமரிப்பது. ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் காண்டோ கிராமத்தில் அப்படித்தான் ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது.

1965-இல் அங்கே பிறந்தவர் பிரான்சிஸ் கெரே, ஊர்த்தலைவரின் மகன். ஊரில் பள்ளி இல்லை. ஏழு வயதில் பெற்றோரைப் பிரிந்து வேறு ஊருக்குப் போய்ப் படித்தார். அப்புறம் தச்சுப் பயிற்சிக்கான உதவித்தொகையில் ஜெர்மனி போனார். பெர்லினில் கட்டடக்கலை மாணவராக இருந்தபோதே 1998-இல் ஒரு சங்கம் தொடங்கி, தன் ஊருக்காக நிதி திரட்டினார்.

பணத்தோடு ஊர் திரும்பியவர், ‘மண்ணில் கட்டலாம்’ என்றார். ஊரே திகைத்துப்போனது. இவ்வளவு தூரம் போய்ப் படித்துவிட்டு வந்து மண்ணையா காட்டுகிறாய்? ஒரு மழைக்காலம் தாங்குமா? நியாயமான கேள்விதானே! மழைக்குக் கரைந்த மண்சுவரை ஆண்டுதோறும் பூசிப் பூசிக் கை தேய்ந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் வரைபடத்தை நீட்டிப் பயனில்லை. கெரே செங்கல் வளைவு ஒன்றைக் கட்டி, அதன்மேல் ஆட்களை ஏற்றி நிற்கவைத்தார். வளைவு அசையவில்லை. களிமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செங்கல் அறுத்தார்கள். தகரக் கூரையைச் செங்கல் மச்சிலிருந்து உயர்த்தி, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீட்டினார்கள். சாரல் சுவரில் படாது. இடைவெளியில் காற்றோடி வகுப்பறையின் சூடு தணியும். சரி, கிரேன் இல்லாத ஊரில் கூரையைத் தாங்க என்ன செய்வது? கம்பிகளைப் பற்றவைத்து இலகுவான சட்டங்கள் செய்ய ஊர்ப் பையன்களே கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தார்கள். பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். களிமண் தரையை வரிசையாக நின்று அடித்து இறுக்கினார்கள். கூலிக்கு அல்ல. ஊர் கூடித் தேர் இழுத்தார்கள், ஐயா!

2001-இல் பள்ளி முடிந்தது. 2004-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது. 2008-இல் விரிவாக்கக் கட்டடம். 2022-இல் கெரேவுக்கு, கட்டடக்கலையின் மிக உயரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

பராமரிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. தலைவர் மணி பார்க்கிறார். ஆனால் இதைக் கேட்காமல் இறங்கமாட்டேன். கட்டடவியல் படிக்கும் பிள்ளைகள் சிமெண்ட் கலவைக் கணக்கில் கரை காண்கிறார்கள்; கையில் மண்ணை எடுத்துப் பிசைந்து பார்ப்பவர் எத்தனை பேர்? மண் கட்டுமானம் விருப்பப் பாடமாக அல்ல, கட்டாயச் செய்முறைப் பாடமாக வேண்டும். அதை இந்தக் கொத்தனார்கள் கற்றுத்தரவேண்டும், உரிய சம்பளத்தோடு. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டுமென்றால் வடம் பிடிக்கத் தெரிந்தவர்களும் கல்லூரிக்குள் வரவேண்டாமா? முதல்வர் அவர்களே, மனுவை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். மாணவர்கள் வெளியே போகும்போது வாசல் மேசையில் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.