ஏழு நாற்காலி, ஏழு தேர்தல்

நேயர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில் மானூர் என்று ஓர் ஊர். அங்கே கி.பி. 800-ஐ ஒட்டிய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச்சபையில் யார் உட்காரலாம், அவர் என்ன படித்திருக்க வேண்டும் என்று அது விதி சொல்கிறது. வருகிற யோசனைக்கெல்லாம் கூடாது, கூடாது என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம். அவருக்கு ஒத்து ஊதுகிறவருக்கும் அதே தண்டம். சபை நல்லபடி நடக்க ஆள் மட்டும் போதாது, நடைமுறையும் வேண்டும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இன்று பேச இருக்கும் சுவிட்சர்லாந்து மந்திரிசபைத் தேர்தலில் பாதி முடிவை நடைமுறையே எழுதிவிடுகிறது.

டெல்லியில் மந்திரிகளை நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பதில்லை. பிரதமர் பெயர் கொடுப்பார், குடியரசுத் தலைவர் நியமிப்பார். மக்களவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. 543 பேருக்கு 81 மந்திரிகள் வரை வரலாம். சுவிட்சர்லாந்தில் பெயர் கொடுக்கப் பிரதமரே கிடையாது. 1848 முதல் மந்திரிகள் ஏழு பேர்தான். கீழவையின் 200 பேரும் மேலவையின் 46 பேரும் பெர்ன் நகரில் ஒரே மண்டபத்தில் கூடி, அந்த ஏழு பேரையும் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் திருநெல்வேலி மாநகராட்சியில் 55 கவுன்சிலர்கள் சேர்ந்து மேயரைத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அதே வேலையை ஒரே காலையில் ஏழு தடவை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 'ஏழு தடவை'யில்தான் சூட்சுமம். ஏழு பெயரையும் ஒரே சீட்டில் எழுதிப் போடுவதில்லை. பதவியில் இருப்பவர்களில் அதிக வருடம் மந்திரியாக இருந்தவரின் நாற்காலிக்கு முதலில் ஓட்டு, எண்ணிக்கை, அறிவிப்பு. அதன் பிறகே அடுத்த நாற்காலி. காலியாக இருக்கும் இடங்கள் கடைசியில் வரும். மூன்றாவது நாற்காலியில் அடுத்த கட்சிக்காரரை நான் கவிழ்த்தால், ஆறாவது நாற்காலியில் என் கட்சிக்காரர் மாட்டிக்கொள்வார். இந்தப் பயமே எல்லோரையும் கட்டிவைக்கிறது. கட்சிகளின் நல்லெண்ணத்தைவிட இந்த வரிசைதான் அந்த மந்திரிசபையைக் காப்பாற்றுகிறது என்று சொல்வேன்.

இனி ஓட்டுக் கணக்கு. ஜெயிக்க, செல்லுபடியாகும் ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். வெற்றுச் சீட்டையும் செல்லாத சீட்டையும் முதலில் கழித்துவிடுவார்கள். 246 சீட்டும் திரும்பி வந்து, மூன்று வெற்று, ஒன்று செல்லாதது என்றால் மிச்சம் 242. பாதி 121, ஜெயிக்க வேண்டியது 122. கோபத்தில் வெற்றுச் சீட்டுப் போடுகிறவர் யாரையும் தடுப்பதில்லை. எதிராளி ஏற வேண்டிய படியைத்தான் குறைத்துக் கொடுக்கிறார்.

எது செல்லாத சீட்டு? யாரென்று அடையாளம் புரியாத பெயர், ஏற்கெனவே ஜெயித்தவர் பெயர், போட்டியிலிருந்து விலக்கப்பட்டவர் பெயர். வசவு எழுதினாலும், அடையாளக் குறி போட்டாலும் செல்லாது. குறி போட விட்டால் ஓட்டு ரகசியம் போய்விடும், ஓட்டுக்கு விலையும் வந்துவிடும். கொடுத்த சீட்டைவிடத் திரும்பி வந்த சீட்டு அதிகமாக இருந்தால் அந்தச் சுற்றே ரத்து, மறுபடி ஓட்டு.

முதல் இரண்டு சுற்றில் தகுதியுள்ள எந்தக் குடிமகன் பெயரையும் எழுதலாம். வேட்பாளர் பட்டியல் என்று சட்டத்தில் எதுவும் இல்லை, எம்.பி.யாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டாம் சுற்றிலிருந்து, பத்து ஓட்டுக்குக் குறைவாக வாங்குகிறவர் வெளியே. மூன்றாம் சுற்றிலிருந்து புதுப்பெயர் கிடையாது. அந்தச் சுற்றிலிருந்துதான் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இடத்தில் இருப்பவர் வெளியே போவார். இதனால் முதல் சுற்று ஓட்டு நாடி பிடித்துப் பார்க்கிற ஓட்டு. ரகசியமாக ஒருவரைக் கொண்டுவர நினைக்கிற அணி, மூன்றாம் சுற்று வரை காத்திருந்தால் கதவு மூடிவிடும்.

காலியிடம் வந்தால் அந்த இடத்துக்கு உரிய கட்சி வழக்கமாக இரண்டு பெயரை முன்வைக்கும். மற்றக் கட்சிக் குழுக்கள் அவர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். தேர்தலுக்கு முந்தின இரவுக்கு 'நீண்ட கத்திகளின் இரவு' என்று அங்கே பெயர். ஊராட்சித் துணைத் தலைவர் தேர்தலுக்கு முன்னால் வார்டு உறுப்பினர்களை வேனில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டுபோகிற நம் பக்கத்து வழக்கத்தோடு பார்த்தால் அது சாது இரவுதான். ஹோட்டல் மதுக்கூடத்தில் பேச்சோடு முடிந்துவிடும்.

கட்சி சொன்ன பெயரை நாடாளுமன்றம் கேட்டாக வேண்டும் என்று விதி இல்லாததால் சிக்கலும் வருகிறது. 1993 மார்ச்சில் சமூக ஜனநாயகக் கட்சி கிறிஸ்டியான் ப்ரூனர் என்ற பெண்மணியை முன்வைத்தது. சபை அதே கட்சியின் ஃபிரான்சிஸ் மாத்தேயைத் தேர்ந்தெடுத்தது. கட்சி கொதித்தது, அவர் ஒரு வாரம் கழித்துப் பதவி வேண்டாம் என்றார், மறு ஓட்டில் ரூத் ட்ரைஃபுஸ் வந்தார். 2007 டிசம்பர் 12-இல் மந்திரியாக இருந்த, மக்கள் கட்சியின் கிறிஸ்டோப் புளோக்கருக்கு 115 ஓட்டு. அதே கட்சியின் எவலின் விட்மர்-ஷ்லும்ப்ஃபுக்கு 125. அந்த அம்மாள் வேட்பாளரே இல்லை, சபையிலும் இல்லை. ஓர் இரவு யோசித்து மறுநாள்தான் ஏற்றுக்கொண்டார். கட்சி இதைச் சும்மா விடவில்லை. அதிகாரபூர்வப் பெயராக இல்லாமல் பதவியை ஏற்பவர் தானாகவே கட்சியை விட்டு வெளியே என்று தன் விதியிலேயே எழுதிவைத்தது. அடுத்த ஆண்டே ஒரு காலியிடம். கட்சி சொன்ன ஊலி மௌரருக்கு மூன்றாம் சுற்றில் 122 ஓட்டு. அதே கட்சியில், பெயர் சொல்லப்படாத ஹான்ஸ்யோர்க் வால்டருக்கு 121. செல்லுபடியானது 243, தேவை 122. ஒரு சீட்டு வால்டர் பக்கம் போயிருந்தால் அந்த விதிக்கு அன்றே வேலை வந்திருக்கும்.

எந்தக் கட்சிக்கு எத்தனை நாற்காலி என்பதும் சட்டத்தில் இல்லை. 1959-இல் இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று நான்கு கட்சிகள் ஒரு பங்கீட்டுக்கு வந்தன. அதற்கு 'மந்திர சூத்திரம்' என்று பெயர். 2003-இல் மக்கள் கட்சிக்கு ஒன்று கூடியது, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு ஒன்று குறைந்தது. பகுதிகளுக்கும் மொழிகளுக்கும் தக்க இடம் வேண்டும் என்பது மட்டும் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. ஒரே மாகாணத்திலிருந்து இருவர் கூடாது என்ற பழைய விதியை 1999-இல் மக்களே ஓட்டுப் போட்டு நீக்கினார்கள்.

யாருக்கு எந்த இலாகா என்பதில் நாடாளுமன்றத்துக்கு வேலையில்லை. ஏழு பேரும் உட்கார்ந்து, பதவியில் மூத்தவர் முதலில் கேட்க, தாங்களே பிரித்துக்கொள்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரை ஒரு வருடத்துக்குத் தலைவராகச் சபை தேர்ந்தெடுக்கும். அடுத்த வருடம் அவருக்கே கொடுக்க முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே அங்கே இல்லை. பிடிக்காத மந்திரியை வீட்டுக்கு அனுப்ப நான்கு வருடத்துக்கு ஒரு முறை, டிசம்பரில், அவருடைய நாற்காலியின் முறை வரும்போதுதான் வாய்ப்பு. 1848 முதல் அப்படிப் போனவர்கள் நான்கே பேர்: 1854-இல் ஒருவர், 1872-இல் ஒருவர், பிறகு 131 வருடம் யாருமில்லை, 2003-இல் ரூத் மெட்ஸ்லர், 2007-இல் அவரைத் தள்ளிவிட்டு வந்த அதே புளோக்கர்.