ஷீட்டை உடைக்காமல் இறக்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மழைக்கு முன்னால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்து மாற்றுகிற வேலை இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிறது. நானும் அந்த வேலைதான் செய்கிறேன்.

போன மாதம் ஒரு வீட்டைத் தாண்டிப் போனேன். மேலே இருந்த பையன் சுத்தியலால் ஒரே போடு போட்டான். ஷீட் நாலு துண்டாக விழுந்தது. கீழே ஒரு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். உடைந்த விளிம்பில் பஞ்சுத் திரி போல வெள்ளை நார் துருத்திக்கொண்டிருந்தது.

அந்த நார்தான் ஆஸ்பெஸ்டாஸ். ஷீட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், மற்றதெல்லாம் பெரும்பாலும் சிமெண்ட். சிமெண்ட் இறுக்கிப் பிடித்திருக்கும் வரை பெரிய ஆபத்தில்லை. அதனால் நல்ல நிலையில் உள்ள கூரையைச் சும்மா விடுங்கள். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம். உடைத்தாலோ, அறுத்தாலோ, துளை போட்டாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். அன்றைக்கு இருமல்கூட வராது. 20, 30, 40 வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். புகை பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இன்னும் பல மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே தடை செய்த பொருள் இது. இங்கே இன்னும் விற்கிறார்கள், புது ஷீட் வாங்கும்போதும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, எப்படி இறக்குவது? முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் துருப்பிடித்துக் கழலாவிட்டால் போல்ட்டை வெட்டுங்கள், ஷீட்டை அல்ல. பழைய ஷீட்டின் மேல் காலை வைக்காதீர்கள், ஆளோடு உடைந்துவிடும். துணி மாஸ்க் போதாது. என்95-உம் இதற்குப் போதாது, முகத்தோடு ஒட்டி நிற்கும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை மாஸ்க் வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. துண்டுகளை ஈரத்தோடு கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, எங்கே போடுவதென்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கோழிக்கூண்டுக்கோ பள்ளம் நிரப்பவோ வேண்டாம். அப்புறம், அன்றைக்குப் போட்ட சட்டையை உதறாமல் நனைத்துத் தனியாகத் துவையுங்கள்.

மொத்தமாகக் காண்ட்ராக்ட் பேசிவிட்டால் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார்கள். சுத்தியல் அதனால்தான் கைக்கு வருகிறது. அன்றைக்கு நான் பையனைக் கீழே வரச் சொல்லி, ஹோஸ் பைப்பை வாங்கி நனைக்க வைத்தேன். மிச்சம் 11 ஷீட்டும் முழுசாக இறங்கின. கூடுதலாக அரை நாள் ஆனது. அந்தக் கூலியை வீட்டுக்காரரிடம் பேசி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். வணக்கம்.