வளர்த்துத் திருப்பிக் கொடுக்கிற நாய்கள்

(ஹட்டனில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, அக்கா தங்கச்சிமாரே, தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

மேடை ஏறுமுன் ஒரு அண்ணன் கேட்டார்: "அந்தக் காலத்தில தொரை பங்களா நாய்க்கு இறைச்சி, நம்ம பிள்ளைக்கு வெறும் ரொட்டி. இப்ப நீங்களும் நாயைப் பத்தித்தான் பேசப்போறீங்களா?"

நியாயமான கோபம்தான். ஆனால் நான் பேச வந்தது பவிசுக்கு வளர்த்த நாயைப் பற்றி அல்ல. கண் தெரியாதவரை வீதி கடக்க வைக்கிற நாய். சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துக் கொடுக்கிற நாய். அதை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் இதற்கென்று ஒரு சதமும் வாங்காத சாதாரணக் குடும்பத்துக்காரர்கள்.

முதல் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. இங்கிலாந்தில் 1931-இல் முதல் நாய்கள் வேலைக்கு வந்தன. குட்டிகளைத் தொண்டர் வீடுகளில் வளர்க்கும் முறை அங்கே 1956-இல்தான் வந்தது.

இங்கிலாந்தில் இருந்த காலத்தில் நானும் என் கணவரும் முதலில் ஒரு தாய் நாயைப் பொறுப்பெடுத்தோம். நாய், வழிகாட்டி நாய்களை உருவாக்குகிற நிறுவனத்துடையது; வீடு நம்முடையது. தீனியும் வைத்தியச் செலவும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எதை எதோடு இணை சேர்ப்பது என்பதும் அவர்கள் முடிவுதான். அழகு பார்த்துச் சேர்ப்பதில்லை. இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுப்பார்கள், கண்ணைச் சோதிப்பார்கள், சத்தத்துக்கு மிரளுமா என்று பார்ப்பார்கள். லாப்ரடோர், கோல்டன் ரெட்ரீவர் என்ற இரண்டு நாய் இனங்களைக் கலப்பது அங்கே வழக்கம்.

சினை 63 நாள் அளவில். குட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. அதனால் கழுத்தில் நிறம் நிறமாகப் பட்டி கட்டி, சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுத வேண்டும். சிவப்புப் பட்டிக்கு எடை ஏறவில்லை என்றால், மற்றதெல்லாம் அதைத் தள்ளிவிட்டுப் பால் குடிக்கிறது என்று அர்த்தம். உடனே பிடித்துத் தாயின் பின்பக்கத்து முலையில் விட வேண்டும். கண் திறக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். மூன்றாவது கிழமையிலிருந்து மூன்று மாதம் வரைக்கும் குட்டி எதைப் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ, அதைக் கண்டு பிறகு அவ்வளவாகப் பயப்படாது. குக்கர் விசில், தகரத்தில் விழுகிற மழை, குடை விரிகிற சத்தம் எல்லாம் அந்த நேரத்தில்தான் காட்ட வேண்டும்.

ஏழெட்டுக் கிழமையில் குட்டி வேறொரு தொண்டர் வீட்டுக்குப் போகும். பிறகு நாங்களும் அப்படி ஒரு குட்டியை வளர்த்தோம். கைப்பிடி வைத்த சேணத்தை உடம்பில் பூட்டி வழி நடத்தப் பழக்குவது பிற்பாடு பயிற்சியாளர் வேலை. வீட்டுக்காரர் வேலை, உலகத்தைக் காட்டுவது. தடுப்பூசிகள் முடியும்வரை கையில் தூக்கிக்கொண்டே ஸ்டேஷன், சந்தை, பஸ் எல்லாம் போக வேண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு துண்டும் போடக் கூடாது. அப்புறம், சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் மலம் கழிக்கப் பழக்க வேண்டும். சிரிக்காதீர்கள்! கண் தெரியாதவர் அதைத் தேடி அள்ள வேண்டுமே.

ஒரு வயது தாண்டியதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எப்படி மனசு வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அழுதேன்தான். ஆனால் நம் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது பஸ் ஏற்றிவிட்டு வருவதில்லையா? எல்லா நாயும் தேறுவதும் இல்லை. வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிற நாயை நம்பி ஒருவரை நடுவீதியில் இறக்க முடியாது. அது நல்ல வீடொன்றில் செல்ல நாயாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, நம் மலையகத்துக்கு வருவோம். லயத்துப் படிக்கட்டும், மூடி இல்லாத கானும், நடைபாதை இல்லாத வளைவுகளும் எப்படிப்பட்ட நாய்க்கும் சோதனைதான். இரவில் தேயிலை மலைக்குள் சிறுத்தை வந்து நாயைத் தூக்குவதும் உங்களுக்குத் தெரியும். இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைப் பொது இடத்துக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் நாயோடு ஏறுகிறவரைக் கண்டக்டர் ஏற்றுவாரா, ஹோட்டல் முதலாளி உட்கார வைப்பாரா? அது சட்டத்தால் மட்டும் நடக்கிற காரியம் அல்ல.

அதைவிடப் பெரிய இடைஞ்சல், அவிழ்த்துவிட்ட நம் நாய்கள். ஒரு தரம் பாய்ந்து கடித்தால் போதும். அத்தனை பேர் வளர்த்தெடுத்த வழிகாட்டி நாய், பயந்து வேலைக்கு ஆகாமல் போகலாம். அதனால் லாப்ரடோர் குட்டி வாங்கி வாருங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வீட்டுக்குப் போனதும் உங்கள் நாயின் ஊசி அட்டையைத் தேடிப் பாருங்கள். விசர்நாய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அடுத்த ஊசி நாளைக் கேளுங்கள். கருத்தடைக்கும் சேர்த்துக் கேளுங்கள். சொந்தக்காரர் இல்லாத லயத்து நாய்களைப் பிடித்துக் கொடுக்கத்தான் ஆள் இருப்பதில்லை. தம்பிமாரில் நாலு பேர் வந்தால் போதும். கூட்டம் முடிந்ததும் வாசலில் என்னிடம் பெயர் கொடுங்கள்.