நெட் இல்லாத ஊர்ல தூங்குற குழந்தையை எப்படிப் பாத்துக்கிறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி, திருப்பூர்ல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. படிச்சுடுறேன். "எட்டு மாசக் குழந்தையோட வால்பாறை போறோம். எஸ்டேட் பங்களாவுல தங்குறோம். அங்க வைஃபை கிடையாது, போன்லயும் நெட் வராதுன்னு சொல்லிட்டாங்க. வீட்ல வைஃபை கேமரா வச்சு போன்ல பாத்துக்குவோம். அதை எடுத்துட்டுப் போனா வேலை செய்யுமா, இல்ல புதுசா ஏதாவது வாங்கணுமா? ராத்திரி சாப்பிட்டுட்டு நாங்க எல்லாம் ஹால்ல உக்காந்திருப்போம், பையன் உள் ரூம்ல தூளியில தூங்குவான்."

கடைசியில தூளின்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க பாருங்க, அதுல விஷயம் இருக்கு. அதுக்குப் பின்னாடி வர்றேன்.

முதல்ல, பக்கத்து ரூம்ல குழந்தை அழுதா நமக்குக் கேக்கணும். இதுக்கு இன்டர்நெட் எதுக்குங்க? 1937லயே அமெரிக்காவுல ஜெனித் கம்பெனிக்காரங்க இதுக்குன்னே ஒரு ரேடியோ செட் வித்திருக்காங்க. 1932ல லிண்ட்பெர்க்னு புகழ்பெற்ற விமானியோட குழந்தையைக் கடத்திக் கொன்னுட்டாங்களே, அந்த பயம் இன்னும் போகாத காலம். குழந்தை ரூம்ல ஒரு பெட்டி, பெரியவங்க ரூம்ல ஒரு பெட்டி. அந்த செட்டுக்கு வடிவம் குடுத்தவர் இசாமு நொகுச்சின்னு பெரிய சிற்பி, இப்ப அது மியூசியத்துல இருக்கு. சரி, அது கிடக்கட்டும். நம்ம கையில இருக்கிற வைஃபை கேமராவுல நிறைய மாடல் எப்படின்னா, 15 அடி தள்ளிப் படுத்திருக்கிற பிள்ளையைப் பாக்குறதுக்குக்கூட கம்பெனியோட சர்வர் கிட்ட அனுமதி வாங்கித்தான் படம் காட்டும். நெட் போச்சுன்னா ஆப் சும்மா சுத்திக்கிட்டே நிக்கும்.

உங்க கேமரா எந்த ரகம்னு வீட்லயே கண்டுபிடிச்சுடலாம். ரௌட்டரை ஆஃப் பண்ணாதீங்க. ரௌட்டருக்குப் பின்னாடி பிராட்பேண்ட் ஒயர் ஒண்ணு வரும்ல, அதை மட்டும் பிடுங்குங்க. போன்ல மொபைல் டேட்டாவையும் நிறுத்துங்க. ஆப்பை முழுசா மூடிட்டுத் திரும்பத் திறங்க. படம் வந்துச்சுன்னா உங்க கேமரா உள்ளூர் நெட்வொர்க்லயே ஓடும், கவலை இல்ல. வரலைன்னா செட்டிங்ஸ்ல ஆர்டிஎஸ்பி (RTSP), இல்ல ஆன்விஃப்னு (ONVIF) ஏதாவது இருக்கான்னு பாருங்க, கம்பெனி ஆப் இல்லாம வேற ஆப்ல கேமராவைப் பாக்குறதுக்கான வசதி அது. இருந்தா விஎல்சின்னு (VLC) வீடியோ பாக்குற ஆப்ல கேமராவோட முகவரியைப் போட்டு நேராப் பாத்துடலாம். அதுவும் இல்லையா, அந்தக் கேமராவை வீட்லயே விட்டுட்டுப் போங்க.

சரி, ஓடுதுன்னு வைங்க. அங்க ரௌட்டர் வேணுமே? உள்ளங்கை அளவுல டிராவல் ரௌட்டர்னு விக்கிறாங்க, பவர் பேங்க்ல ஓடும். அதுல வீட்டு வைஃபையோட பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே எழுத்து மாறாமப் போட்டு வச்சுடுங்க. கேமரா நம்ம வீட்லதான் இருக்கோம்னு நினைச்சு தானாப் போய் ஒட்டிக்கும். நிறையக் கேமரா 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில மட்டும்தான் ஓடும், ரௌட்டர்ல அது ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. இன்னொண்ணு. இந்த வைஃபையில இன்டர்நெட் இல்லையேன்னு உங்க போன் ஒரு கேள்வி கேக்கும். பரவாயில்ல, இதுலயே இருன்னு அழுத்துங்க. அதைக் கவனிக்காம விட்டா போன் பாட்டுக்கு நைசா மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும், படம் போயிடும்.

புதுசா எதுவும் வாங்க வேண்டாம்னா, வீட்ல கிடக்கிற பழைய ஆண்ட்ராய்டு போன் போதும். அந்த போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்க, சிம் இல்லாட்டியும் பெரும்பாலான போன்ல ஹாட்ஸ்பாட் வரும். வராத போனும் உண்டு, அதனால ஊர்லயே பாத்துடுங்க. அதுல ஐபி வெப்கேம்னு ஒரு ஆப். ஸ்டார்ட் குடுத்தா திரையிலயே ஒரு முகவரி காட்டும், கடைசியில 8080ன்னு முடியும். உங்க போனை அந்த ஹாட்ஸ்பாட்ல சேத்துட்டு, குரோம்ல அந்த முகவரியை அடிச்சாப் படம் வரும். சத்தத்தைத் தனியா ஆன் பண்ணணும், மறந்துடாதீங்க. ஐபோனை ஹாட்ஸ்பாட்டுக்கு நம்பாதீங்க, சிக்னல் இல்லாத இடத்துல தகராறு பண்ணும். இந்த ஆப்பை எல்லாம் ஊர்லயே இறக்கி, ஓட்டிப் பாத்து வச்சுக்கணும். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறினப்புறம் பிளே ஸ்டோரைத் திறந்தா ஒண்ணும் நடக்காது.

இதுக்குன்னே செஞ்ச பேபி மானிட்டர் வாங்கிடலாமான்னா, அடிக்கடி பயணம் போறவங்களா இருந்தா வாங்குங்க. கேமராவோட ஒரு சின்ன டிஸ்பிளே பெட்டியும் சேர்ந்து வர்ற ரகம், நெட் இல்லாம ஒண்ணோட ஒண்ணு நேராப் பேசிக்கும். சத்தம் மட்டும் போதும்னா டெக்ட் ரகம், கார்ட்லெஸ் போன்ல இருக்கிற அதே தொழில்நுட்பம்தான். பெட்டி மேல 300 மீட்டர்னு போட்டிருப்பாங்க, அது வெட்டவெளிக்கு. எஸ்டேட் பங்களா சுவர் மொத்தமா இருக்கும், அங்க அந்தக் கணக்கு எடுபடாது. அமெரிக்காவுல இருந்து அண்ணனோ அக்காவோ வாங்கிட்டு வந்தாங்கன்னா ஒரு எச்சரிக்கை. அங்க டெக்ட் 1920ல இருந்து 1930 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஓடுது. இங்க அது மொபைல் கம்பெனிகளுக்குக் குடுத்த அலைவரிசை. அதை இங்க போடக்கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மானிட்டர்னா பிரச்சினை இல்ல.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். எதை வேணா வாங்குங்க, எதை வேணா வைங்க. லைன் அறுந்து போனா அது உங்ககிட்டச் சொல்லுமா? இதை மட்டும் கேளுங்க.

ஏன்னா, ஹால்ல உக்காந்திருக்கீங்க, போன்ல குழந்தை அசையாமத் தூங்குது. நல்லாத் தூங்குறான்னு நீங்க சிரிச்சுப் பேசிட்டு இருக்கீங்க. ஆனா படம் அப்பவே நின்னு போச்சு, கடைசியா வந்த படம் அப்படியே திரையில நிக்குது. தூங்குற குழந்தையோட உறைஞ்சு போன படமும் நேரலைப் படமும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். வேற எந்தக் கேமராவுலயும் இந்தச் சிக்கல் இவ்வளவு மோசமா இருக்காது. கடை வாசல் கேமரான்னா ஆள் நடமாட்டத்தை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம். இங்க அசைவே இல்லாம இருக்கிறதுதான் நமக்கு நல்ல செய்தி, அதான் ஏமாந்துடுறோம். அதனால படத்து மேல மணி ஓடுற மாதிரி வச்சுக்கோங்க, நொடி நகருதான்னு பாருங்க. முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி நொடியைப் பாருங்க.

சத்தத்துலயும் இதே கதைதான். நிறைய மானிட்டர்ல குழந்தை சத்தம் போட்டா மட்டும் திறக்கிற மாதிரி ஒரு வசதி இருக்கும், பேட்டரி மிச்சம் பண்றதுக்கு. அதுல அமைதின்னா ரெண்டு அர்த்தம். பிள்ளை தூங்குறான், இல்ல மானிட்டர் செத்துப் போச்சு. நல்ல மானிட்டர் தொடர்பு விட்டுப் போச்சுன்னா பீப் அடிக்கும். கடையில வாங்கும்போதே குழந்தை பக்கத்துப் பெட்டியை ஆஃப் பண்ணச் சொல்லி, இந்தப் பக்கத்துப் பெட்டி கத்துதான்னு பாத்துட்டுக் காசு குடுங்க. பழைய போன்ல ஓட்டுறவங்க சத்தத்தைத் தொடர்ந்து ஓட விட்டு, அந்த போன் பக்கத்துல டிக் டிக்னு அடிக்கிற டைம்பீஸ் ஒண்ணை வச்சுடுங்க. அது கேக்குற வரைக்கும் லைன் உயிரோட இருக்கு. கேக்கலையா, எந்திரிச்சுப் போய்ப் பாருங்க.

ஹாட்ஸ்பாட்லயும் ஒரு குசும்பு இருக்கு. யாரும் இணைப்புல இல்லைன்னா கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆகுற மாதிரி நிறைய போன்ல வச்சிருப்பாங்க. நீங்க தோட்டத்துப் பக்கம் ஒரு நடை போயிட்டு வர்றதுக்குள்ள அது அணைஞ்சுடும், நீங்க திரும்பி வந்தாலும் சேராது. அந்த ஆப்ஷனை எடுத்து விட்டுடுங்க. பேட்டரி சேவரையும் நிறுத்துங்க, இல்லைன்னா திரை அணைஞ்சதும் ஆப்பைக் கொன்னுடும். பவர் பேங்க்ல சின்ன ரௌட்டரையோ மானிட்டரையோ ஓட்டுறவங்களுக்கும் சொல்றேன். சில பவர் பேங்க், கரண்ட் கொஞ்சமா இழுத்தா எதுவுமே மாட்டலைன்னு நினைச்சு நின்னுடும். மலையில கரண்ட் கட் சகஜம், அந்த நேரத்துல இது காலை வாரிடும். ஒரு ராத்திரி முழுக்க வீட்ல ஓட விட்டுப் பாருங்க.

இப்ப தூளிக்கு வர்றேன். தூளியில தூங்குற பிள்ளையைக் கேமரா காட்டாதுங்க. சேலைதான் தெரியும். உள்ள ஒரு மூட்டை மாதிரி தெரியும், முகம் எந்தப் பக்கம்னு தெரியாது. அதனால தூளின்னா கேமராவை விடுங்க, சத்தம்தான் கணக்கு. ஆனா அதுக்கும் மேல ஒண்ணு. தூளியில உடம்பு வளைஞ்சு, தாடை நெஞ்சுல முட்டுற மாதிரி படுத்தா மூச்சுக்குச் சிரமம். எட்டு மாசப் பையன் முழிச்சா புரண்டு எந்திரிச்சு உக்காரவும் பாப்பான், தூளியில இருந்து தலைகுப்புற விழுறது இந்த வயசுலதான். போதாக்குறைக்கு அந்த பங்களாவுல கொக்கி என்ன பலத்துல இருக்குன்னு நமக்குத் தெரியாது. பகல்ல நீங்க பக்கத்துல உக்காந்து ஆட்டுறது வேற. ஆள் இல்லாத ரூம்ல, ராத்திரியில, தூளி வேண்டாம். கெட்டியான, சமமான படுக்கையில மல்லாக்கப் படுக்க வைங்க. தலையணை, தடிப் போர்வை, பொம்மை எதுவும் பக்கத்துல வேண்டாம். குளிருக்குச் சட்டை மேல சட்டை போடுங்க. ரிசார்ட் மெத்தை சில இடத்துல அமுங்கி அமுங்கிப் போகும், அதுல குழந்தையைத் தனியா விடவே கூடாது. பாட்டி என்னைத் திட்டுவாங்க, நீங்க எல்லாம் தூளியில வளரலையான்னு. வளந்தோம். பக்கத்துல பாட்டி உக்காந்திருந்தாங்க.

கொசுவலை போட்டீங்கன்னா கேமராவை வலைக்கு வெளியில வச்சுக் கிட்டக்க நெருக்காதீங்க. ராத்திரி படத்துக்குக் கேமரா இன்ஃப்ராரெட் வெளிச்சம் அடிக்குது, அது வலையில பட்டுத் திரும்பி படம் முழுக்க வெள்ளையா மங்கிடும். கோணத்தை மாத்தி, சாய்வா, கொஞ்சம் தள்ளி வச்சுப் பாருங்க. அதுக்காக வலைக்குள்ள கொண்டு போய் வச்சுடாதீங்க. ஒயர் குழந்தை கைக்கு எட்டவே கூடாது, குறைஞ்சது மூணு அடி தள்ளி இருக்கணும். 2011ல அமெரிக்காவுல ஒயர் கழுத்துல சுத்திக் குழந்தைங்க இறந்ததுக்கப்புறம், ஒரு கம்பெனியோட 17 லட்சம் மானிட்டரை ரீகால் பண்ணி, எச்சரிக்கை லேபிள் ஒட்டச் சொன்னாங்க. அந்தக் குழந்தைங்களை ஒருத்தரும் கவனிக்காம விடலை, கவனிக்கணும்னுதான் ஒயரைத் தொட்டில் பக்கத்துல கொண்டு வந்து வச்சாங்க.

மூச்சு, ஆக்ஸிஜன் எல்லாம் பாக்குற காலுறை மாதிரி சாதனம் வாங்கலாமான்னு வேற ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. ஆரோக்கியமான குழந்தைக்குத் தூக்கத்துல வர்ற திடீர் மரணத்தை இது தடுக்கும்னு நம்பி வாங்காதீங்கன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுது. டாக்டர் எழுதிக் குடுத்தா அது வேற. அதே சங்கம், முதல் ஆறு மாசமாவது பெரியவங்க ரூம்லயே குழந்தை தூங்கணும்னு சொல்லுது, படுக்கை மட்டும் தனி. உங்க பையன் அதைத் தாண்டிட்டான், ஆனாலும் புது இடத்துல நீங்க தூங்கப் போகும்போது அதே ரூம்ல போய்ப் படுத்துக்கோங்க. குளிருதுன்னு கரி அடுப்பை மட்டும் எந்த ரூமுக்குள்ளயும் கொண்டு வராதீங்க. கதவைச் சாத்திட்டுத் தூங்கினவங்க காலையில எந்திரிக்காத செய்தி மலை ஊர்கள்ல இருந்து வந்துட்டேதான் இருக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, சத்தமும் கிடையாது, உங்க மானிட்டருக்கு அது தெரியவும் தெரியாது. வால்பாறைல சிறுத்தை நடமாட்டம் இருக்கு, அதனால பொழுது சாய்ஞ்சதும் பின்கதவு, வராந்தா கதவு எல்லாம் தாழ் போட்டிருக்கணும்.

ஹோட்டல்ல தங்குறவங்க, குழந்தையை மாடி ரூம்ல விட்டுட்டு மானிட்டரோட கீழ ரெஸ்டாரண்டுக்கு வரலாமான்னு கேப்பீங்க. என்னைக் கேட்டா, கூடாது. நாலு கான்கிரீட் தளம் தாண்டி சிக்னல் வருமாங்கிறது ரெண்டாவது. அழுகை கேட்டு எந்திரிச்சா அரை நிமிஷத்துல குழந்தை பக்கத்துல நிக்கணும், லிஃப்ட்டுக்குக் காத்திருந்தா அது நடக்காது. அந்த ரூம் கதவு தானாப் பூட்டிக்கும் வேற, சாவி கார்டு உள்ள மாட்டி வச்சபடி இருக்கும்.

சகோதரி, உங்க வீட்டுக்காரர் ஒரு போன்ல இருந்து இன்னொரு போனுக்குக் கால் போட்டு வச்சுட்டா போதாதான்னு கேக்குறாருன்னும் எழுதியிருக்கீங்க. போதும், ஆனா அது வாட்ஸ்அப் காலா இருக்கக்கூடாது, சாதாக் கால். நெட் வராத இடத்துலகூட ரெண்டு மூணு கட்டை சிக்னல் நின்னா பேச்சு வரும். கால் கட்டானா உங்க பக்கத்து போன் தானே காட்டிக் குடுத்துடும், அந்த வகையில அது நல்ல மானிட்டர்தான். குழந்தை பக்கத்து போன் ரிங் அடிக்காம சைலன்ட்ல இருக்கணும், தானா எடுக்கிற ஆப்ஷனை ஆன் பண்ணி வச்சுடுங்க. உங்க பக்கத்து போனை மியூட்ல போடுங்க, இல்லைன்னா நீங்க ஹால்ல பேசுற பேச்செல்லாம் அங்க ஸ்பீக்கர்ல கேட்டு பையன் முழிச்சுக்குவான். எந்த சிம் அங்க எடுக்கும்னு பங்களாக்காரங்ககிட்டயே கேட்டுக்கோங்க.

சரி, அடுத்த கேள்வி இன்வெர்ட்டர் பத்தி.