முறுக்காத ராடு

நேயர்களுக்கு வணக்கம். தூண்டில் ராடு கட்டுவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கடையில் வாங்குகிற ராடைப் பற்றி அல்ல. வெறும் கார்பன் கம்பை வாங்கி, பிடி வைத்து, தூண்டில் நரம்பைச் சுருட்டும் ரீல் உட்காரும் இருக்கை வைத்து, நரம்பு ஓடுகிற வளையங்களை ஒவ்வொன்றாக நூல் சுற்றிக் கட்டி, மேலே எப்பாக்ஸி பசை பூசி நாமே செய்துகொள்ளும் ராடு. அதிலும் எனக்குப் பைத்தியம் பிடித்த வகை ஒன்று உண்டு, ஸ்பைரல் ராடு.

உங்களில் பலரிடம் ஸ்பின்னிங் ரீல் இருக்கும். அது கம்புக்குக் கீழே தொங்கும், வளையங்களும் கீழேதான். பெய்ட்காஸ்டர் ரீல், ஆழ்கடலில் உலோக இரையை மேலும் கீழும் ஆட்டி மீன் பிடிக்கிற ஜிக்கிங் ரீல் இவை அப்படியல்ல, கம்பின் முதுகில் உட்காருபவை. ரீல் மேலே இருப்பதால் வளையங்களையும் மேலேயே வரிசையாகக் கட்டிவிடுவது வழக்கம். இப்போது மீன் இழுக்கிறது. கம்பு குனிகிறது. நரம்பு ஒவ்வொரு வளையத்தையும் கீழ்நோக்கி அமுக்குகிறது. வளையமோ கம்புக்கு மேலே நிற்கிறது. தலையில் வைத்த குடம் எந்த நேரமும் சாயப் பார்க்கும். கையில் தொங்கும் வாளிக்கு அந்தக் கவலை இல்லை. மேலே நிற்கும் வளையம் சுற்றிக்கொண்டு கீழே வரப் பார்க்கிறது, கம்பு முறுக்குகிறது, ரீல் ஒருபக்கம் சாய்கிறது. சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது உங்கள் மணிக்கட்டு. வளையம் உயரமாக இருந்தால் முறுக்கும் அதிகம்.

ஸ்பைரல் ராடில் முதல் வளையம் மேலே, அடுத்தது பக்கவாட்டில், பிறகு நுனி வரை எல்லாம் கீழே. ரீல் மேலேயே இருக்கும், நரம்பு மட்டும் கம்பைச் சுற்றிக் கீழே இறங்கிவிடும்.

இதைப் பார்க்கிறவர்களுக்குக் கண் உறுத்தும். மலேசியாவின் லூமூட்டிலிருந்து புலாவ் ஜாராக் தீவுப் பக்கம் ஜிக்கிங் போனபோது எங்கள் தெக்கோங், அதாவது படகோட்டி, என் ராடை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளையங்களின்மேல் விரலை ஓட்டி, "எந்தக் கடையில் வாங்கினாய், திருப்பிக் கொடுத்துவிடு" என்றார். நானே கட்டியது என்றதும் சிரிப்பு. மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்று முழுக்கப் படகில் நான்தான் பொழுதுபோக்கு. பிறகு நான் சோறு சாப்பிட உட்கார்ந்த நேரம் என் ராடு அவர் கையில். நல்ல கெராப்பு மீன் ஒன்று அடித்தது. மனிதர் அனுபவசாலி, பாதியிலேயே பிடியைத் தளர்த்திப் பார்க்கிறார், ரீல் அசையாமல் நேராக நிற்கிறது. மீனை ஏற்றிவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "மீன் பிடிக்கலாம். போட்டோவுக்கு வேறு ராடு எடு." இன்றுவரை அவர் ஸ்பைரல் வாங்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்த ஸ்லோ பிட்ச், அதாவது மெதுவாக ஆட்டும் ஜிக்கிங் ராடுகளில் பல இப்போது கடையிலேயே ஸ்பைரலாக வருகின்றன என்றும் சொல்லிப் பார்த்தேன். ம்ஹும்.

சரி, எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. அதைச் சொல்லாமல் போக முடியாது. கார்பன் துணியைச் சுருட்டித்தான் கம்பு செய்கிறார்கள். அதனால் ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும், அதை ஸ்பைன் என்பார்கள். அந்தப் பக்கம் பார்த்து வளையம் கட்டினால் ராடு முறுக்காது என்று கடைக்குக் கடை சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்பைன் எங்கே இருந்தாலும் வளையம் மேலே இருந்தால் முறுக்கும், கீழே இருந்தால் முறுக்காது. சந்தேகம் என்றால் டேப்பால் வளையங்களை ஒட்டி, எடை தொங்கவிட்டு, நீங்களே பாருங்கள். ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துப் போகிற பெரிய டிரோலிங் ராடில் மட்டும் இது தெரியாது. அதன் அடிக்கட்டையை இடுப்புப் பட்டையிலோ நாற்காலியிலோ உள்ள குறுக்குக் கம்பியில் மாட்டிவிடுவார்கள், திரும்ப வழியே இல்லை.

இப்போது வளையம் எங்கே வைப்பது? அடிக் கணக்கோடு ஒன்று கூட்டி, 7 அடி ராடுக்கு 8 வளையம், நுனி வளையம் தனி என்பார்கள். தொடங்குவதற்கு அது போதும். வளையங்களைச் சின்ன ரப்பர் வளையத்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள். நுனிக்குப் போகப் போக இடைவெளி குறையட்டும். நரம்பைக் கோத்து, ஒரு வாளியைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பு வளையும். நரம்பு அந்த வளைவோடு சேர்ந்து போகிறதா, இரண்டு வளையங்களுக்கு நடுவே நேர்கோடாக வெட்டிக்கொண்டு விலகிப் போகிறதா? விலகும் இடத்தில் வளையங்களை நெருக்கமாக நகர்த்துங்கள். மறுபடியும் வாளி, மறுபடியும் பார்வை. அளவு நாடா பிறகுதான்.

பக்கவாட்டு வளையத்தைக் கடைசியில் வையுங்கள். மேலே உள்ள முதல் வளையத்திலிருந்து கீழே உள்ள முதல் வளையத்துக்கு நரம்பை இழுத்தால் அது ஓரிடத்தில் கம்பின் விலாவில் உரசும். அந்த இடம்தான். நரம்பைக் கம்பிலிருந்து தள்ளி வைப்பது மட்டுமே அதன் வேலை, நரம்பின் போக்கை வளைக்கக் கூடாது. சரியாக 90 டிகிரி வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், நரம்பு காட்டும் இடத்தில் கட்டுங்கள். 60, 120, 180 டிகிரி என்று படிப்படியாக இறக்குகிற ராபர்ட்ஸ் முறையும் உண்டு. எனக்கு இந்த ஒரே வளையம் போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். நூல் சுற்றுவதைப் பற்றி வேறு பேச நினைத்திருந்தேன். இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். வளையத்தின் பாதத்தை நுனி மெலியத் தேய்த்துவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நூல் ஏறாது. எப்பாக்ஸி இறுகும்வரை ராடு மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் ஒருபக்கம் வழிந்துவிடும். அப்புறம், பக்கவாட்டு வளையம் இடமா வலமா என்று கேட்பீர்கள். படகில் எந்தப் பக்கமாக ராடைச் சாய்த்து வைப்பீர்களோ, அதற்கு மறுபக்கம். நன்றி, வணக்கம்.