ஸ்டீல் பிரேக் ஹோஸ் மாட்டினேன், ஒரே வருடத்தில் கழற்றினேன்

வணக்கம். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்சூரில் ஞாயிறு காலை ஏழு மணிக்கும் இப்படித்தான். இன்றைக்கு வண்டி எங்கேயும் போகாது, இடது முன்சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். கையில் இரண்டு குழாய்கள். கறுப்பாக இருப்பது ரப்பர் பிரேக் ஹோஸ். குழந்தை இடுப்பில் கட்டும் வெள்ளி அரைஞாண்கொடி மாதிரி மின்னுகிறதே, இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ்.

போன வருடம் ரப்பரைக் கழற்றி ஸ்டீல் போட்டேன், வீடியோவும் போட்டேன். "பெடல் கல் மாதிரி ஆயிடுச்சு, எல்லோரும் மாத்துங்க" என்று அதில் உளறியிருக்கிறேன். இந்த மாதம் ஸ்டீலைக் கழற்றிவிட்டுப் புது ரப்பர் மாட்டினேன். "இரண்டு தடவை செலவு பண்ண ஒரே வண்டியாடா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் வண்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய் வழியாகச் சக்கரம் வரை வரும். ஆனால் சக்கரம் மேலும் கீழும் ஆடும், முன்சக்கரம் திரும்பவும் செய்யும். அதனால் கடைசி ஓர் அடிக்கு மட்டும் வளைகிற குழாய் வேண்டும். அதுதான் ஹோஸ்.

இது எங்கே ஆரம்பித்தது என்றால், தொப்பூரில். பெங்களூரிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு அந்தக் கணவாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தர்மபுரி தாண்டி இறக்கம், முன்னால் லாரி, பின்னால் லாரி. நான் மூன்றாவது கியரில் இறங்காமல், சோம்பேறித்தனமாக பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினேன். பாதி இறக்கத்தில் பெடல் வழக்கத்தைவிட இரண்டு விரல் கீழே போனது. பிரேக் பிடித்தது, ஆனால் பஞ்சை மிதிப்பது மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் எல்லோரும் ஒரே பாட்டு: ரப்பர் வீங்குகிறது, ஸ்டீல் போடு.

ரப்பர் வீங்குவது உண்மைதான். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் சற்றுப் பருக்கும், அந்த இடத்தை நிரப்பக் கொஞ்சம் ஆயில் போகும், அந்த அளவு பெடல் கூடுதலாக இறங்கும். ஆனால் எவ்வளவு? அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106-இல் கணக்கு இருக்கிறது. 3 மில்லிமீட்டர் உள்துளை உள்ள சாதாரண ஹோஸ், 1000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓர் அடிக்கு 0.66 சி.சி.க்கு மேல் வீங்கக் கூடாது. குறைவாக வீங்கும் ரகம் என்றால் 0.33 சி.சி. தான். ஹோஸ் மேல் எச்.எல். என்று அச்சடித்திருந்தால் அது இந்த இரண்டாவது ரகம். இதோ, கேமரா பிடிக்கிறதா? என் ரப்பரில் எச்.எல். என்றுதான் இருக்கிறது. 0.33 சி.சி. என்பது கண் மருந்து பாட்டிலிலிருந்து விழும் ஆறேழு சொட்டு. அதிலிருந்து ஸ்டீல் ஹோஸ் எவ்வளவைக் குறைத்துவிடும்?

அப்படியென்றால் தொப்பூரில் பெடல் ஏன் இறங்கியது? பிரேக் ஆயில்தான். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அதே தரம் கேட்பது 155 டிகிரி மட்டும். நீண்ட இறக்கத்தில், சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் சூடேறினால் உள்ளே ஆவிக்குமிழி உருவாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் கீழே போகும். என் வண்டியில் ஆயில் மாற்றி நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கார்கள்தான் அதிகம். வெளியே ஸ்டீல் என்ன, தங்கமே பின்னியிருந்தாலும் உள்ளே கொதிக்கிற ஆயிலை அது ஒன்றும் செய்யாது.

ஸ்டீல் மாட்டியபோது கடையில் என்ன செய்தார்கள்? பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார்கள், நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தார்கள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள், பதினொரு வருட ரப்பரை எடுத்துவிட்டுப் புது ஹோஸ் மாட்டினார்கள். மூன்று வேலை ஒரே நாளில். பெடல் கெட்டியானது. பாராட்டை மட்டும் ஸ்டீலுக்குக் கொடுத்துவிட்டேன். கிழவனையும் இளைஞனையும் ஓடவிட்டு, ஜெயித்தவன் போட்டிருந்த ஷூவைப் புகழ்ந்த கதை.

இன்னொன்று, ஸ்டீல் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நினைக்காதீர்கள். சடன் பிரேக் அடித்தால் ரப்பர் ஹோஸோடும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும் அளவுக்குப் பிடிக்கிறதா? அப்படியானால் அதற்கு மேல் நிறுத்த வேண்டியது டயரும் ரோடும்தான். பெடலின் உணர்வு மாறும், நிற்கும் தூரம் மாறாது.

சரி, ஏன் கழற்றினேன்? எட்டு மாதம் கழித்து ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தது. சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் எரிந்தது, அணையவே இல்லை. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இங்க வந்து பாரு" என்றார். ஏ.பி.எஸ்.ஸுக்குச் சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் ஸ்பீடு சென்சார் ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. கம்பெனி ஹோஸுக்கு நடுவில் ஒரு பிராக்கெட் உண்டு, அது சஸ்பென்ஷன் காலோடு சேர்ந்து நிற்கும். நான் வாங்கிய ஸ்டீல் செட்டில் அந்தப் பிராக்கெட் இல்லை. மாட்டிய கடையில் ஒரு பிளாஸ்டிக் டையால் கட்டி விட்டிருந்தார்கள். டை அறுந்து, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் ஹோஸ் ஒயர் மேல் உரசியிருக்கிறது. பின்னிய கம்பி ரம்பம் மாதிரி. இதோ, விரலை வைத்து இழுத்தாலே தெரிகிறது. மேலே பிளாஸ்டிக் உறை இருக்கும் ஸ்டீல் ஹோஸ் என்றால் இவ்வளவு அறுத்திருக்காது. என்னுடையதில் அந்த உறையும் இல்லை, விலை குறைவாக இருந்ததால் வாங்கினேன்.

உறை இல்லாததில் இன்னொரு தொல்லை. ஸ்டீல் பின்னலுக்குள்ளே ஆயில் ஓடுவது பி.டி.எஃப்.இ. குழாயில், அதாவது டெஃப்லான். ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதில் அது ரப்பரைவிட எவ்வளவோ மேல், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னலின் இடுக்கில் மண்ணும் மணலும் புகுந்தால், வளையும்போதெல்லாம் அந்தக் குழாயை அரைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றே இருக்கும். ரப்பர் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும்: மேலே வெடிப்பு தெரியும், உப்பும், கசியும். ரப்பர் ஏமாற்றுவது ஒரு விதத்தில்தான். உள்சுவர் பிய்ந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் தொட முடியாத அளவு சுட்டாலோ ஹோஸையும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஜே.சி. ரோடு போனேன். அந்த ரோட்டில் வண்டியை நிறுத்த இடம் தேடுவதே தனி வீடியோவாகும். என் காருக்கான கம்பெனி ரப்பர் ஹோஸ், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளம், பிராக்கெட், முனை எல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினேன். தயாரிப்பு விவரம் எதுவும் அச்சில்லாத ஹோஸை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

மாட்டும்போது அண்ணன் காட்டியது இது. ஹோஸ் நெடுகிலும் ஒரு கோடு ஓடுகிறது, பாருங்கள். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். ஹோஸ் முறுக்கிக்கொண்டால் கோடு சுருள் சுருளாகத் தெரியும், அதற்காகத்தான். ஹோஸ் முனையைக் காலிப்பரோடு இணைக்கும் பாஞ்சோ போல்ட்டில், அந்த முனையின் இரண்டு பக்கமும் செம்பு வாஷர் புதிதாகவே போட வேண்டும், பழையதைத் திருப்பிப் போட்டால் கசியலாம். மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சக்கரம் தொங்கும்போதும் ஹோஸ் இழுபடவில்லை, எதிலும் உரசவில்லை என்று பார்த்தார். போன வருடம் இதை யாராவது செய்திருந்தால் எனக்கு இந்த வீடியோவே கிடைத்திருக்காது. கடைசியில் ஏர் எடுத்தோம். "மிதி… பிடி… விடு" என்று அவர் கீழேயிருந்து கத்த, ஒரு மணி நேரம் என் வலது கால்தான் பம்ப்.

பேட் மாற்றும் இடத்தில் காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவார்கள், ஆயில் சிந்தாமலிருக்க ஹோஸைப் பிளையரால் நெரிப்பார்கள். இரண்டையும் பார்த்தால் உடனே சத்தம் போடுங்கள். உள்சுவர் பிய்வது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

பெடல் எப்படி இருக்கிறது? புது ரப்பர், புது ஆயில். கண்ணைக் கட்டிக்கொண்டு மிதிக்கச் சொன்னால், போன வருட ஸ்டீலுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்வேனா என்பது சந்தேகம். போன வாரம் தொப்பூர் இறங்கினேன், மூன்றாவது கியரில். பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஸ்டீலே வேண்டாம் என்று சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோயம்புத்தூர் காரி டிராக்கிலோ ஓட்டுகிறீர்களா, அங்கே அந்தச் சின்ன வித்தியாசமும் காலுக்குத் தெரியும், போடுங்கள். ஜீப்பை உயர்த்தி நீள ஹோஸ் தேவைப்படுகிறவர்கள், ரப்பரே கிடைக்காத பழைய காரை வைத்திருப்பவர்கள், உங்களுக்கும் சரி. உங்கள் மாடலுக்கென்றே செய்த, பிராக்கெட்டும் உறையும் உள்ள செட்டாக வாங்குங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். என்னைப் போல ஆபீஸ், மார்க்கெட், மாதம் ஒருமுறை சேலம் என்றால் புது ரப்பரும் புது ஆயிலும் போதும்.

பழைய ஸ்டீல் செட்டைக் குறைந்த விலைக்குக் கொடுப்பீர்களா என்று நான்கு பேர் கேட்டிருந்தார்கள். மன்னிக்கவும். ஒன்றை நேற்றே நீளவாக்கில் அறுத்துவிட்டேன், உள்ளே பாருங்கள், இந்த இடத்தில் வெள்ளைக் குழாய் மேல் நகத்தால் கீறியது மாதிரி கோடுகள். மீதி மூன்றையும் இன்றைக்கு அறுக்கப்போகிறேன்.