எரிபொருள் விலையேற்றம்: ஓட்டுநரின் கணக்கும் பயணியின் கடமையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எரிபொருள் விலை ஏறிய செய்தி வந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் முதலில் நினைப்பது திட்டமிட்டு வைத்திருக்கும் பயணத்தைத்தான். விடுமுறைக்கு நெடுந்தூரம் போவதா, பாதி தூரத்தோடு நிறுத்திக்கொள்வதா, அல்லது அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதா என்று யோசிக்கிறோம். இந்த யோசனை நியாயமானதுதான். ஆனால் அப்படி யோசிக்க முடிவதே ஒரு வசதி என்பதை நாம் கவனிப்பதில்லை. சொந்த வண்டியில் சுற்றிப் பார்க்கப் புறப்படுபவருக்கு விலை தன் கையில் இல்லாவிட்டாலும், எத்தனை லிட்டர் எரிப்பது என்பது ஓரளவேனும் தன் கையில் இருக்கிறது. வாடகை வண்டியோ சரக்கு வண்டியோ ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த இரண்டுமே கையில் இல்லை. போகும் தூரத்தைத் தீர்மானிப்பவர் பயணி. விலையைத் தீர்மானிப்பது உலகச் சந்தையும் வரியும். கட்டணம் பல வேளைகளில் முன்பே பேசி முடிக்கப்பட்டுவிட்டது. இந்த மூன்றுக்கும் நடுவில் நின்று பணம் கட்டுபவர் ஓட்டுநர். அந்தச் சுமையை அவர் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதும், அதற்கான வழி பயணம் செய்பவர்களாகிய நம்மிடமே இருக்கிறது என்பதும்தான் இன்று நான் சொல்ல வந்தது.

விலை எப்படி ஏறுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கச்சா எண்ணெய் பீப்பாய்க் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர். அந்த வணிகம் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் நடப்பதால், எண்ணெய் விலை அசையாமல் இருக்கும்போதுகூட ஒரு நாட்டின் நாணய மதிப்பு சரிந்தால் அங்கே எரிபொருள் விலை ஏறிவிடும். சுத்திகரிப்புச் செலவு, போக்குவரத்துச் செலவு, விற்பவரின் பங்கு ஆகியவற்றோடு வரியும் சேர்கிறது. வரியை லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக விதிக்கும் நாட்டில் கச்சா எண்ணெய் ஏறும்போது வரித்தொகை அப்படியே நிற்கும். விலையின் மேல் விழுக்காடாக விதிக்கும் நாட்டில் வரியும் சேர்ந்து ஏறும். இவை தவிர இன்னொன்றும் உண்டு. கச்சா எண்ணெய் ஏறும்போது சில்லறை விலை விரைந்து ஏறுகிறது, அது இறங்கும்போதோ மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது என்பதைப் பல நாடுகளின் விலைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ராக்கெட்டாக ஏறி இறகாக இறங்குகிறது என்று அவர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதை மூன்று ஆண்டுகள் காட்டிவிடும். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. 2020 ஏப்ரல் 20 அன்று, பெருந்தொற்றால் சாலைகள் வெறிச்சோடியிருந்த நேரத்தில், அமெரிக்கச் சந்தையின் முன்பேர விலை (பின்னால் கைமாறும் எண்ணெய்க்கு முன்பே பேசும் விலை) சுழியத்துக்கும் கீழே, அதாவது விற்பவரே பணம் கொடுத்து எடுத்துப்போகச் சொல்லும் நிலைக்கு, மைனஸ் 37 டாலருக்கும் அப்பால் விழுந்தது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாள்களில், உலக விலைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் பிரெண்ட் வகை எண்ணெய் 139 டாலரை நெருங்கியது. வண்டியைக் கடனில் வாங்கியவர் பல ஆண்டுகளுக்கு மாதாமாதம் ஒரே தவணையைக் கட்டியாக வேண்டும். அவருடைய மிகப் பெரிய அன்றாடச் செலவோ வாரத்துக்கு வாரம் மாறுகிறது. கட்ட வேண்டியது மாறாமலும், செலவு நிலையில்லாமலும் இருக்கும் ஒரு தொழிலை அவர் நடத்திக்கொண்டிருக்கிறார்.

அவருடைய கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். எந்த நாட்டு நாணயத்தையும் எடுத்துக்கொள்ளாமல், ஒரு சவாரியின் வருமானம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 40 எரிபொருளுக்குப் போகிறது. கடன் தவணை, காப்பீடு, டயர், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 30 போகிறது. மீதி 30 வீட்டுக்குப் போகிறது. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். வண்டிக்கு வண்டி இவை மாறும். இப்போது எரிபொருள் விலை 25 விழுக்காடு ஏறுகிறது. நாற்பது ஐம்பதாகிறது. தவணை குறையாது, காப்பீடு குறையாது, கட்டணமும் ஏறவில்லை. ஆகவே வீட்டுக்குப் போவது 30-இலிருந்து 20 ஆகிறது. எரிபொருள் ஏறியது கால் பங்கு. அவருடைய குடும்பம் இழந்ததோ மூன்றில் ஒரு பங்கு. விலையேற்றத்தை விழுக்காட்டில் கேட்டுப் பழகிய நமக்கு இந்தப் பெருக்கம் கண்ணில் படுவதில்லை. “கால் பங்குதானே ஏறியிருக்கிறது, சமாளிக்க முடியாதா?” என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த இழப்பை அவர் எப்படி ஈடுகட்டுவார்? ஒன்று, கூடுதல் மணி நேரம் ஓட்டுவார். மற்றொன்று, தள்ளிப்போட முடிந்த செலவுகளைத் தள்ளிப்போடுவார். ஆயில் மாற்றுவது அடுத்த மாதம், தேய்ந்த டயர் அதற்கடுத்த மாதம், பிரேக் பார்ப்பது பிறகு என்று ஒவ்வொன்றாக நழுவும். இரண்டும் அந்த வண்டியில் ஏறுபவரின் உயிரோடு தொடர்புடையவை. தூக்கம் போதாத ஒருவர், தேய்ந்த டயரோடு, நள்ளிரவில் நம் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டிச் செல்லும் நிலையைப் பேரம் பேசிக் குறைத்த கட்டணம் உருவாக்குகிறது என்றால், அந்தப் பேரத்தில் நாம் எதை மிச்சம் பிடித்தோம்? இதை நான் கடுமையாகவே கேட்கிறேன்.

ஓட்டுநர்கள் இதை வாய் மூடிப் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு வரலாறு சான்று. 1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் ஏற்றுமதித் தடை விதித்தபோது, பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. நெதர்லாந்தும் மேற்கு ஜெர்மனியும் அந்த நவம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் ஓடக் கூடாது என்று அறிவித்தன. வெறுமையான நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளிலும் நடந்தும் போன படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அதே குளிர்காலத்தில் அமெரிக்காவில் லாரி ஓட்டுநர்கள் நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். டீசல் விலை மட்டுமன்று, எரிபொருளைச் சேமிக்க விதிக்கப்பட்ட வேகக் கட்டுப்பாடும் அவர்களுடைய வருமானத்தைத் தொட்டது. ஞாயிறு உலாவை இழந்தவருக்கும் நாள்கூலியை இழந்தவருக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரே பருவத்தில் தெளிவாகத் தெரிந்தது. 2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் மேலங்கி அணிந்து சாலைச் சந்திப்புகளில் கூடியவர்களைத் தூண்டியதும் எரிபொருள் வரி உயர்வுதான். அவர்களில் பலர் பேருந்தும் ரயிலும் எட்டாத இடங்களிலிருந்து வேலைக்குக் கார் ஓட்டியே போக வேண்டியவர்கள்.

இவற்றுள் என் பேச்சுக்கு மிக நெருக்கமானது பிரேசில். அங்கே டீசல் விலை ஏறக்குறைய அன்றாடம் மாற்றப்பட்டு வந்த நிலையில், 2018 மே மாதம் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ பத்து நாள்களில் எரிபொருள் நிலையங்கள் வறண்டன, கடைகளுக்குச் சரக்கு வரவில்லை, விமான நிலையங்களிலும் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதன் பிறகு அந்த ஆண்டு ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம், சரக்குக் கட்டணத்துக்குக் குறைந்தபட்ச அளவை வகுத்ததோடு, டீசல் விலை குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் அசைந்தால் அந்தக் கட்டணப் பட்டியலையும் திருத்தியாக வேண்டும் என்று சொன்னது. குறைந்தபட்சக் கட்டணம் சரியா என்பதில் பொருளியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் அதற்குள் போகவில்லை. விலை அசைந்தால் கட்டணமும் அசைய வேண்டும் என்ற அந்த இரண்டாவது பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய சரக்கு நிறுவனங்கள் இதைச் சட்டம் சொல்லாமலேயே நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. அமெரிக்காவில் அரசு வாரந்தோறும் வெளியிடும் டீசல் விலையை அடிப்படையாக வைத்து, சரக்குக் கட்டணத்தோடு எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று தனியே சேர்ப்பது வழக்கம். பெரிய நிறுவனங்கள் தமக்கென எழுதிக்கொள்ளும் ஒரு நிபந்தனை, ஒற்றை வண்டி வைத்திருப்பவருக்கு மட்டும் ஏன் எட்டாமல் போக வேண்டும்?

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். பயணத்தைக் கைவிடாதீர்கள் என்பதே என் கருத்து. சாலைப் பயணம் குடும்பத்தை ஒரே இடத்தில் பல மணி நேரம் சேர்த்து வைக்கிறது, அதற்கு ஈடு எளிதில் கிடைக்காது. எரிப்பதைக் குறைப்பதே வழி. இங்கே பயனுள்ள ஒரு கணக்கு உண்டு: விலை 25 விழுக்காடு ஏறினால், எரிபொருளை 20 விழுக்காடு குறைத்தாலே செலவு பழைய இடத்துக்கு வந்துவிடும். 1,000 கிலோமீட்டர் பயணத்துக்கு 80 லிட்டர் பிடிக்கும் கார் என்றால், அதை 64 லிட்டராக்க வேண்டும். ஓட்டும் முறையால் பத்து விழுக்காடு மிச்சமாகி, வழியை மாற்றி 110 கிலோமீட்டர் குறைந்தால் அந்த 64 லிட்டர் வந்துவிடுகிறது.

ஓட்டும் முறையில் பெரியது வேகம். காற்றின் எதிர்ப்பு, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவுக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் 110-க்கு ஏறினால், அது எதிர்கொள்ளும் காற்றுத்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. 1974 தொடக்கத்தில் அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர், என்று வேக வரம்பு விதித்ததன் அடிப்படை இதுதான். அந்த ஓராண்டில் அங்கே சாலை விபத்துச் சாவுகள் ஏறத்தாழ 54,000-இலிருந்து 45,000 ஆகக் குறைந்தன. மக்கள் குறைவாகப் பயணம் செய்ததும் அதற்குக் காரணம் என்றாலும், வேகக் குறைப்பின் பங்கை மறுக்க முடியாது. கூரைமேல் கட்டிய சுமையும் இதே காற்றுத்தடையைக் கூட்டும். காற்று குறைந்த டயர், சக்கரம் சாலையில் உருள்வதற்கு உள்ள தடையைக் கூட்டும். புறப்படும் முன் இவ்விரண்டையும் பார்ப்பதற்குச் செலவே இல்லை. இன்னொரு பழக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மலைப்பாதை இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் இன்றைய இன்ஜின்கள், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்கச் சிறிது எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே அது வீண். இன்ஜின் தரும் பிடிமானம் போய் பிரேக் சூடேறுவதால் உயிருக்கும் ஆபத்து.

மின்சார வண்டிகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடாதா என்று கேட்பீர்கள். எண்ணெய்ச் சந்தையிலிருந்து அவை விடுவிக்கும், உண்மைதான். ஆனால் இருக்கும் வண்டியின் கடனே முடியாதவரால் அதற்கு உடனே மாற முடியாது. அவர் மாறும்வரை இடைப்பட்ட ஆண்டுகள் இருக்கின்றன.

அந்த ஆண்டுகளுக்காக நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. வாடகைக்கு வண்டி பேசும்போது கட்டணத்தோடு இரண்டு செய்திகளையும் எழுதிக்கொள்ளுங்கள்: அன்றைய எரிபொருள் விலை, அந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது. பயணம் 600 கிலோமீட்டர், வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 50 லிட்டர் பிடிக்கும். பேசிய நாளுக்கும் புறப்படும் நாளுக்கும் இடையில் லிட்டர் விலை எவ்வளவு ஏறியதோ, அதை ஐம்பதால் பெருக்கி ஓட்டுநருக்குக் கொடுங்கள். இறங்கியிருந்தால் அதே கணக்கில் அவர் குறைத்துக்கொள்ளட்டும். இதில் யாரும் யாருக்கும் சலுகை காட்டவில்லை. காத்திருக்கும் நேரத்தையும் அப்போதே பேசிவிட வேண்டும். நீங்கள் இறங்கிச் சுற்றிப் பார்க்கும்போது வண்டி குளிர்சாதனத்தோடு நின்றுகொண்டிருந்தால், மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டருக்கு மேலும் எரியும். அது அவருடைய கணக்கில் விழக் கூடாது. இந்த அவையில் பயணம் ஏற்பாடு செய்பவர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்து அச்சிடும் ஒப்பந்தப் படிவத்திலேயே இந்த வரிகளுக்கு இடம் ஒதுக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.